பெண் கவிஞர், பெண் இசையமைப்பாளர், ஒரு பாடகர் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 வருடமாக ஒரு பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன். கொஞ்ச காலமாக எங்கள் குழு, வரிகளைப் பெண் எழுதி, இசையையும் பெண்ணே அமைத்த பாடல்களைத் தேடித் தேடிப் பாடி வருகிறது. நிகழ்ச்சி முடிந்து இறங்கி வந்தால் காபி டம்ளரோடு நாலு பேர் சூழ்ந்துகொண்டு கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

கோரஸ் என்றால் பின்னால் நின்று ஹம்மிங் பாடுவதுதானே?

சினிமாப் பாட்டில் பின்னணியில் வரும் 'லலலா'வைத்தான் நாம் கோரஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நான் சொல்வது வேறு. இங்கே முன்னால் ஒரு பாடகி நிற்க மற்றவர்கள் துணைக்கு நிற்பதில்லை. குழுதான் பாடகர். பெண் குரல்களில் மேல் ஸ்தாயி சொப்ரானோ, கீழ் ஸ்தாயி ஆல்ட்டோ. ஆண் குரல்களில் மேலே டெனர், கீழே பேஸ். நான்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நின்று சேர்ந்து ஒலிப்பதுதான் ஹார்மனி. தமிழில் இதற்குச் சேர்ந்திசை என்ற நல்ல சொல் இருக்கிறது. எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாரதி பாடல்களைப் பாடவைத்ததைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நல்ல பாட்டு யார் எழுதினாலும் நல்ல பாட்டுதானே? பெண்கள் என்று ஏன் பிரிக்க வேண்டும்?

பிரித்தது நாங்கள் இல்லை. 1903இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் எத்தல் ஸ்மைத் என்ற இங்கிலாந்துப் பெண்ணின் ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், மேடையேறியது. அந்த அரங்கில் ஒரு பெண் எழுதிய முதல் ஓபரா அது. இரண்டாவது பெண்ணின் ஓபரா அங்கே வந்தது 2016 டிசம்பரில், ஃபின்லாந்தின் காய்யா சாரியாஹோ எழுதியது. நடுவில் 113 வருடம். அத்தனை வருடமும் பெண்கள் எழுதாமலா இருந்தார்கள்?

பாடகர் குழுக்களில் இது இன்னும் உறுத்தும். வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் கையிலிருக்கும் ஃபைலைப் புரட்டினால், வலது மூலையில் இசையமைத்தவர் பெயரும் இடது மூலையில் பாட்டெழுதியவர் பெயரும் இரண்டுமே பெண்ணாக இருக்கும் தாள்களை எண்ண ஒரு கை விரல் போதும். ஒரு சாயங்காலம் ஒத்திகை முடிந்து நாங்கள் எண்ணிப் பார்த்தோம். அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தோம்.

இப்படிச் சேர்ந்து எழுதியதில் பழைய உதாரணம் எது?

மிகப் பழைய பெயர்களில் ஒன்று 12ஆம் நூற்றாண்டு ஜெர்மன் துறவி ஹில்டெகார்ட் ஆஃப் பிங்கன். ஆனால் அவரே கவிஞர், அவரே இசையமைப்பாளர். இரண்டு பெண்கள் சேர்ந்தது என்று கேட்டால் நான் எப்போதும் சொல்வது 'பெண்களின் அணிவகுப்பு' பாட்டைத்தான். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சொல்லத் தகுந்த கதை.

மேலே சொன்ன அதே எத்தல் ஸ்மைத். 1858இல் பிறந்தவர். ராணுவ ஜெனரலான அப்பா சம்மதிக்காமல் மல்லுக்கட்டியும் விடாப்பிடியாக நின்று, 19 வயதில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போய் இசை படித்தவர். 1910இல், 50 வயதைத் தாண்டிய பிறகு, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமலின் பாங்க்ஹர்ஸ்ட்டைச் சந்தித்தார். இரண்டு வருடம் இசை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் போராட்டத்துக்கே உழைப்பது என்று முடிவெடுத்தார்.

அதுவரை போராட்டக்காரர்கள் பாடியது பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் ஃப்ளோரன்ஸ் மெக்காலே என்ற பெண் எழுதிய வரிகளை. வரி சொந்தம், மெட்டு கடன். ஸ்மைத் ஒரு சொந்த மெட்டைக் கொடுத்தார். இத்தாலியின் அப்ருஸ்ஸோ பகுதியில் கேட்ட ஒரு நாட்டுப்புற மெட்டை வைத்து அதைக் கட்டினார். வரிகளை எழுதியவர் சிசிலி ஹாமில்டன். நடிகை, நாடகாசிரியர், 1908இல் பெண் எழுத்தாளர்களைத் திரட்டி வாக்குரிமைக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கல்யாணம் என்பது பெண்ணுக்கு விதிக்கப்பட்ட ஒரு பிழைப்பு என்று 1909லேயே புத்தகம் போட்ட துணிச்சல்காரி.

1911 ஜனவரி 21 அன்று லண்டனில், சிறையிலிருந்து வெளிவந்த போராளிகளை வரவேற்ற நிகழ்ச்சியில் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டது. அடுத்த வருடம் மார்ச்சில் ஓர் அமைச்சரின் வீட்டு ஜன்னலைக் கல்லெறிந்து உடைத்ததற்காக ஸ்மைத்துக்கு இரண்டு மாதச் சிறை. ஹோலோவே சிறையில் அவரைப் பார்க்கப் போன இசை நடத்துனர் தாமஸ் பீச்சம் கண்ட காட்சி பிறகு பெரும் புகழ் பெற்றது: கீழே முற்றத்தில் கைதிப் பெண்கள் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே நடக்கிறார்கள், மேலே ஜன்னலிலிருந்து ஸ்மைத் பல் துலக்கும் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் கொடுக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாட்டில் நான்கு குரல் ஹார்மனி இல்லை. எல்லோரும் ஒரே சுரத்தைப் பாடுவதுதான், பியானோகூட இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் பரவாயில்லை. லைப்சிக்கில் படித்து, ராயல் ஆல்பர்ட் ஹாலில் தன் பெரிய தேவாலய இசைப் படைப்பை அரங்கேற்றியவருக்கு ஹார்மனி எழுதத் தெரியாதா? பாடப்போவது தெருவிலும் சிறை முற்றத்திலும், பாடப்போகிறவர்கள் இசை படிக்காதவர்கள் என்று தெரிந்தே இப்படி எழுதியிருக்கிறார்.

மெட்டு முதலில் வருமா, வரி முதலில் வருமா?

இரண்டும் உண்டு. ஸ்மைத்தின் பாட்டில் மெட்டு முதலில் வந்தது, ஹாமில்டன் அதற்குள் சிரமப்பட்டுச் சொற்களைப் பொருத்தினார். நம் ஊர் சினிமாப் பாடலாசிரியர்கள் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் சேர்ந்திசையில் பெரும்பாலும் வரிதான் முதலில் வருகிறது. இசையமைப்பாளர் ஏதோ ஒரு கவிதையைப் படித்து மயங்கி, அதற்கு இசையமைக்க அனுமதி கேட்டு எழுதுவார். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, வரியும் இசையும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வளர்வது. என் மனம் எப்போதும் இந்த மூன்றாவது வகையின் பக்கம்தான்.

சமீபத்திய ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா?

இசையமைப்பாளர் ரீனா எஸ்மாயிலும் கவிஞர் ரெபெக்கா கேல் ஹோவெலும் சேர்ந்து உருவாக்கிய 'எ விண்டர் பிரீவியரி', 2021. எஸ்மாயில் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர், இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர், ஜூலியார்டிலும் யேலிலும் மேற்கத்திய இசை படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்து ஹிந்துஸ்தானியும் கற்றவர். ஹோவெல் அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்தவர்.

பிரீவியரி என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்புகழ்மாலை என்று சொல்லும் வேளை ஜெபப் புத்தகம். வருடத்தின் மிக நீண்ட இரவில், ஒருவர் நம்பிக்கையைத் தேடிக் காட்டுக்குள் நடக்கிறார். மாலை, நள்ளிரவு, விடியல் என்று மூன்று பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அந்த வேளைக்கு உரிய ராகம்: மாலைக்கு ஹம்சத்வனி, நள்ளிரவுக்கு மால்கௌன்ஸ், விடியலுக்கு ஆஹிர் பைரவ். நமக்கு மால்கௌன்ஸ் என்றால் ஹிந்தோளத்தின் சுரங்கள், ஆஹிர் பைரவ் என்றால் சக்கரவாகத்தின் சுரங்கள். ஹம்சத்வனியைச் சொல்லவே வேண்டாம். முத்துசாமி தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதர் உருவாக்கி, பிறகு வடக்கே போன ராகம்.

இந்த ராக வரிசையை ஹார்மனி கண்ணோடு பாருங்கள், எனக்குச் சிலிர்த்துப்போனது. மேற்கத்திய ஹார்மனிக்கு வீடு என்றால் ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் கார்டு. ஹம்சத்வனியில் ச ரி க ப நி. வீட்டுக் கார்டு இருக்கிறது. ப, நி, ரி சேர்ந்து, வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் கார்டும் இருக்கிறது. அதனால்தான் பியானோ பழகியவர்கள்கூட 'வாதாபி கணபதிம்' கேட்டவுடன் ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்து மால்கௌன்ஸ்: ச க ம த நி. பஞ்சமமே இல்லை! ப இல்லையென்றால் வீட்டுக் கார்டை முழுதாகக் கட்டவே முடியாது. நள்ளிரவில் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. விடியலில் ஆஹிர் பைரவ் வரும்போது ப திரும்பி வருகிறது, அந்தர காந்தாரத்தோடு. வீடு மறுபடி தெரிகிறது. கவிதையில் நடந்துபோகிறவருக்கு நேர்வதும் அதுதான். வரியின் கதையை ராகமே சொல்லிவிடுகிறது. இரண்டு பேர் மனம் ஒத்து வேலை செய்யாமல் இப்படி வராது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நீண்ட இரவு வருவது டிசம்பர் 21 வாக்கில், அதாவது நம் மார்கழியின் முதல் வாரத்தில். விடியாத விடியலில் பெண்களைக் கூட்டமாக எழுப்பிப் பாடவைத்த ஆண்டாளின் மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டு அந்நியமாகவே இருக்காது.

வேறு யார் யார் இருக்கிறார்கள்?

பிரிட்டனின் முதல் பெண் அரசவைக் கவிஞரான கரோல் ஆன் டஃபி, அந்தப் பதவிக்கு வரும் முன்பே, இசையமைப்பாளர் சாஷா ஜான்சன் மானிங்கோடு சேர்ந்து 'மான்செஸ்டர் கேரல்ஸ்' எழுதினார், 2007இல். ரோக்ஸானா பனுஃப்னிக்கும் எழுத்தாளர் ஜெசிகா டுஷெனும் சேர்ந்து அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹாரியட் டப்மனையும் நம் ஜான்சி ராணியையும் ஒரே பாட்டில் சந்திக்கவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டேல் ட்ரம்போர், வாழும் பெண் கவிஞர்கள் மூவரின் கவிதைகளை எடுத்து, சாவையும் அதற்குப் பிறகும் வாழ்வதையும் பற்றி 'ஹவ் டு கோ ஆன்' எழுதினார். துக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

சேர்ந்திசைக்கு எழுதும் கவிதை எப்படி இருக்க வேண்டும்?

சின்னதாக. பாடும்போது ஒரு வரி, படிப்பதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். 12 வரிக் கவிதை நான்கு நிமிடப் பாட்டாகிவிடும்.

அப்புறம், நான்கு குரலும் நான்கு இடத்தில் தொடங்கினால் சொல் காதில் விழாது. அதனால் முக்கியமான வரியை எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லும்படி ஓர் இடம் வேண்டும். வரி 'ஸ்' என்று முடிந்தால் 30 பேரின் 'ஸ்' 30 வெவ்வேறு கணங்களில் வந்து பாம்பு சீறுவதுபோல் இருக்கும். உச்ச ஸ்தாயியில் சொப்ரானோவுக்கு 'ஈ' கொடுத்தால் தொண்டை இறுகும், 'ஆ' கொடுத்தால் திறக்கும்.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை எந்த மேல்நாட்டுப் பாடப் புத்தகமும் சொல்லித்தராது. குறில். குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும். தனிக் கச்சேரியில் பாடகி குழைத்துச் சமாளித்துவிடுவார். 30 பேர் சேர்ந்து நீட்டினால் சமாளிக்க முடியாது.

எங்கள் குழுவுக்கே நடந்தது. ஒரு கவிஞர் எங்களுக்காக எழுதித் தந்த பாட்டில் 'என்னைப் போக விடு' என்று ஒரு வரி. இசையமைத்தவர் கடைசிச் சொல்லில் நான்கு தட்டு நீட்டல் வைத்திருந்தார். நாங்கள் பாடினோம். 'என்னைப் போக வீடு' என்று கேட்டது. திரும்பப் பாடினோம், திரும்பவும் வீடுதான். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கவிஞர் எழுந்து வந்து, டெனர் வரிசையில் ஒருவரிடம் பென்சிலை வாங்கி, தாளில் 'விடு, நான் போகிறேன்' என்று எழுதினார். 'விடு' டக்கென்று விழுந்தது, நான்கு தட்டும் 'போ' மேல் போய் உட்கார்ந்தது. கெஞ்சலாக இருந்த வரி முடிவாக மாறிவிட்டது. இசையமைத்தவர் அந்த இடத்தில் பியானோவை நிறுத்திவிட்டு, அடுத்த நான்கு தாளக் கட்டங்களையும் மாற்றி எழுத வேண்டும் என்றார். கவிஞர் அன்று ஒத்திகைக்கு வராமல் இருந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் வீட்டைத்தான் பாடிக்கொண்டிருப்போம்.

கவிஞருக்கு இசை தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒத்திகையில் கூச்சப்படாமல் 'எனக்குச் சொல் கேட்கவில்லை' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

மறைந்த கவிஞரின் கவிதையை எடுத்துக்கொள்வது எளிதில்லையா? யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே?

சில சமயம் எளிது. இந்தியச் சட்டப்படி கவிஞர் இறந்து 60 வருடம் கழிந்தால் கவிதை பொதுச்சொத்து. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 70 வருடம். பாரதி பாடல்களுக்கு நாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் எளிது என்று நம்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்தது 1886இல். அவர் கவிதைகளை அன்றைய பதிப்பாளர்கள் திருத்திப் போட்டார்கள். அவர் எழுதியபடியே வந்த முழுப் பதிப்பு 1955இல்தான் வெளியானது, அதன் உரிமை ஹார்வர்டிடம் இருக்கிறது. ஆக, திருத்திய வடிவம் இலவசம், அவருடைய சொந்த வடிவத்துக்கு அனுமதி வேண்டும். எரிக் விட்டேக்கர் என்ற இசையமைப்பாளர் ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதைக்கு முழுப் பாட்டையும் எழுதி முடித்த பிறகு அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் நண்பரான கவிஞர் சில்வெஸ்ட்ரி அதே சந்தத்தில் புதிய வரிகள் எழுதிக் காப்பாற்றினார். அதுதான் இன்று எல்லாக் குழுக்களும் பாடும் 'ஸ்லீப்'.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. மறைந்தவரால் பென்சிலை வாங்கி வரியை மாற்ற முடியாது.

பாட்டு யாருக்குச் சொந்தம்? பணம் எப்படிப் பிரிப்பது?

வரி கவிஞருக்கு, இசை இசையமைப்பாளருக்கு. இரண்டும் தனித்தனி உரிமை. இருவரும் சம்மதிக்காமல் பாட்டை அச்சிடவோ பதிவு செய்து வெளியிடவோ கூடாது. பங்கு எவ்வளவு என்பதை முதல் வரி எழுதும் முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிநேகிதிகள் என்றால் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடல்களை ஆண்கள் பாடலாமா?

தாராளமாக. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆண் குரலும் சேர்ந்த குழுவுக்கு எழுதப்பட்டவைதான்.

எங்கள் குழுவில் யாருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் சுரங்களை எழுதும் முறை) படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

சோல்ஃபா இருக்கிறதே. டோ ரே மீ-யின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்து, நடுவே புள்ளிகளும் கோடுகளும் போட்டுத் தாளம் காட்டும் முறை. தென் தமிழகத்துத் தேவாலயக் குழுக்களில் தலைமுறை தலைமுறையாக இதைப் படித்துத்தான் நான்கு குரலில் பாடுகிறார்கள். ஐந்து கோட்டைப் பார்த்தால் மிரளும் பாட்டிகள் சோல்ஃபா தாளைக் கையில் கொடுத்தால் முதல் தடவையிலேயே பாடிவிடுவார்கள்.

இதைப் பரப்பியவர் என்று எல்லோரும் சொல்வது ஜான் கர்வென் பெயரை. அவர் எடுத்து வளர்த்த முறையை முதலில் உருவாக்கியவர் சாரா ஆன் குளோவர், இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஞாயிறு பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க வழி தேடி உருவாக்கியதை 1835இல் புத்தகமாகப் போட்டார். அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

நாங்களும் தொடங்க ஆசைப்படுகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூன்று நிமிடப் பாட்டு ஒன்றோடு தொடங்குங்கள். கவிஞரைக் கவிதையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்து இசையமைப்பாளருக்குக் கொடுங்கள். எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லில் குரல் இறங்குகிறது என்பது தாளில் தெரியாது. முதல் ஒத்திகைக்கும் கடைசிக்கு முந்தைய ஒத்திகைக்கும் கவிஞர் கண்டிப்பாக வரவேண்டும். கடைசி ஒத்திகையில் எதையும் மாற்றாதீர்கள், பாடுகிறவர்கள் பாவம்.

அப்புறம் நிகழ்ச்சித் தாள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முன்பு பாடிய ஒரு நிகழ்ச்சியில், அச்சான தாளில் இசையமைத்தவர் பெயர், நடத்துனர் பெயர், பியானோ வாசித்தவர் பெயர், ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர் பெயர்வரை எல்லாம் இருந்தது. பாட்டெழுதிய பெண்ணின் பெயர் இல்லை. அவர் மூன்றாவது வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை மேடையில் நின்றபடி நான் பார்த்தேன். அன்று அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம் எனக்குச் சரியாக வரவில்லை.

இப்போது எங்கள் குழுவின் தாளில் பாட்டின் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்களும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வருகின்றன. அச்சுக்குப் போகும் முன் அந்த வரியைக் கவிஞருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறோம்.